கேட்டவர்க்கு ஒரு விலை, கேளாதவர்க்கு ஒரு விலை

இலக்கியம் பேசும் இடத்தில் மளிகைச் சாமான் விலையைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதலாம் என்பதே நம் எண்ணம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நகரத்தின் துறைமுகத்தையும் வீதிகளையும் பாடியதோடு நின்றுவிடவில்லை. அங்கிருந்த வணிகர்கள் வாங்குவதிலும் விற்பதிலும் காத்த நேர்மையையும் பட்டினப்பாலையில் பதிவு செய்தார். வள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கினார். ஆக, ஒரு பொருளை என்ன விலைக்கு விற்பது என்பது நம் புலவர்களுக்கு அறத்தின் பாற்பட்ட செய்தியாகவே இருந்திருக்கிறது. அந்தத் துணிவில்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் வாழும் நம் தமக்கையார் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. சென்ற முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தோம். வியாழக்கிழமை வந்தால் வீட்டில் ஒரு சடங்கு நடக்கிறது. அந்நாட்டில் கடைகளின் வாராந்தர விளம்பரத் தாள்கள் வியாழனன்று தொடங்கிப் புதனன்று முடிவடைகின்றன. காலைத் தேநீருடன் அமரும் அக்கா, ஐந்தாறு கடைகளின் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்பு மையால் வட்டமிடுவார். தாள் வராத கடைகளின் விளம்பரங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார். ஃபிளிப் என்ற செயலி அதற்கென்றே இருக்கிறது. அதுவும் டொராண்டோவில் பிறந்ததுதான். அரைமணி, முக்கால்மணி நேரம் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. விடைத்தாள் திருத்தும் காலத்தில் நாம் எப்படி இருப்போமோ, அப்படி.

அந்த வட்டங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ஐந்து கடைகளுக்கு அவர் அலைவதில்லை. ஒரே கடைக்குப் போகிறார். கல்லாவில் நிற்கும் பெண்ணிடம், "இந்த வெண்ணெய் அந்தக் கடையில் இந்த விலை" என்று விளம்பரத்தைக் காட்டுகிறார். அந்தப் பெண் தாளைப் பார்த்து, விலையைத் திருத்தி, பட்டியல் போடுகிறாள். அங்கே இதற்குப் 'பிரைஸ் மேட்ச்' என்று பெயர். தமிழில் விலைப்பொருத்தம் எனலாம். போட்டிக் கடை விளம்பரப்படுத்தியுள்ள குறைந்த விலைக்கே நாமும் தருகிறோம் என்று ஒரு கடை முன்வந்து வாக்களிப்பதுதான் இதன் பொருள்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே ஆறேனும் பார்க்க வேண்டும். பொருளின் வணிகப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 454 கிராம் வெண்ணெய்க்கு 250 கிராம் வெண்ணெயின் விலை பொருந்தாது. வகை ஒன்றாக இருக்க வேண்டும். உப்பிட்டதற்கு உப்பிட்டதே இணை. விளம்பரம் அந்த வாரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். போட்டிக் கடை அதே வட்டாரத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடையின் பெயர் இவர்கள் ஏற்கும் பட்டியலிலும் இருக்க வேண்டும். வாங்கும் எண்ணிக்கை ஒரு வீட்டுக்குப் போதுமான அளவைத் தாண்டக் கூடாது. இத்தனையும் கூடி வந்தாலும், உறுப்பினர் அட்டை வைத்திருப்போருக்கு மட்டும் தரும் விலை, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பன போன்ற சலுகைகள், இருப்புத் தீர்க்கும் விற்பனை ஆகியவை பெரும்பாலும் கணக்கில் சேரா.

காய்கறி, பழம் வாங்கும்போது இன்னொரு சிக்கல். நாடு மெட்ரிக் முறைக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு பவுண்டு எடைக்குரிய விலை. கிலோ விலை பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பவுண்டு 1.49 டாலர் என்றால் ஒரு கிலோ ஏறத்தாழ 3.28 டாலர். ஒரு கடை பவுண்டிலும் மற்றொன்று பொட்டலக் கணக்கிலும் விற்றால் மனக்கணக்குத் தெரியாதவர் தோற்றார்.

அக்காவின் ஒரு வாரக் கணக்கை நாமும் உடனமர்ந்து போட்டுப் பார்த்தோம். வெண்ணெய் இரண்டு கட்டி, ஒன்றுக்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று டாலர் மிச்சம். திராட்சை இரண்டு பவுண்டு, 3.99 க்குப் பதிலாக 1.97 என்பதால் 4.04 மிச்சம். பத்துப் பவுண்டு உருளைக்கிழங்குப் பையில் இரண்டு டாலர். காலையில் பாலில் இட்டு உண்ணும் தானியப் பெட்டியில் இரண்டரை. மொத்தம் 11.54 டாலர். எல்லா வாரமும் இப்படியே அமைந்தால் ஆண்டுக்கு அறுநூறு டாலர். இது சிறு தொகையன்று. கனடாவில் கடைகளில் வாங்கும் உணவுப் பொருள்களின் விலை 2022 ஆம் ஆண்டில் மட்டும் 9.8 விழுக்காடு ஏறியது. 1981 க்குப் பின் அந்நாடு கண்ட மிகப்பெரிய ஏற்றம் அது. 2023 இலும் 7.8 விழுக்காடு கூடியது. வாடகையும் ஏறி, வட்டியும் ஏறிய காலத்தில் அறுநூறு டாலர் என்பது ஒரு குடும்பத்தின் பல வார மளிகை.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். விளம்பரம் பார்க்க முக்கால் மணி; பட்டியல் எழுதவும் கல்லாவில் காட்டவும் கால் மணி. ஆக ஒரு மணி நேர உழைப்பு. நாம் அங்கிருந்தபோது ஒன்டாரியோ மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.50 டாலர். அக்காவின் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது 11.54. வீட்டுக் கணக்கைத் தாங்கி நிற்கும் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தாம் செய்கிறார்கள் என்பதையும், இதற்கு உழைப்பு என்ற பெயரை யாரும் தருவதில்லை என்பதையும் நாம் கண்கூடாகக் கண்டோம். "சும்மா பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றுதான் அக்காவே சொல்கிறார்.

இதுவரை சொன்னது சிக்கனத்தின் கதை. இனிச் சொல்லப்போவது நம்மை உறுத்திக்கொண்டிருக்கும் செய்தி.

ஒரு சனிக்கிழமை அக்காவுடன் கடைக்குப் போயிருந்தோம். கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடையிலும் இது நிகழக்கூடும். கல்லா வரிசையில் நமக்கு முன்னால் ஒரு மூதாட்டி. ஈழத்தமிழர் என்பது அவர் சேலையைச் சுற்றிப் போர்த்தியிருந்த விதத்திலும், தமக்குள் முணுமுணுத்த சொல்லிலும் தெரிந்தது. கூடையில் பாணும் பாலும் இரண்டு கட்டி வெண்ணெயும். நாம் வாங்கியிருந்த அதே வெண்ணெய். முறை வந்ததும் கைப்பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். விளம்பரத் தாளிலிருந்து வெண்ணெயின் படத்தையும் விலையையும் மட்டும் கத்தரிக்கோலால் அழகாக நறுக்கி எடுத்து வந்திருந்தார். கல்லாவிலிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் தேதி இல்லையே, எந்த வாரத்து விளம்பரம் என்று எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தேதி அந்தத் தாளின் முதல் பக்கத்தில் இருந்தது. மூதாட்டியின் வீட்டில் மேசைமேல் கிடந்திருக்கும். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. படத்தைச் சுட்டிக் காட்டினார். அவள் தலையசைத்து மறுத்தாள். வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "பரவாயில்லை பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது நாம். அக்கா கைப்பேசியில் அதே விளம்பரத்தைக் காட்டினார். வெண்ணெய்க்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று டாலர் குறைந்தது. இரண்டே நிமிட இடைவெளி. அதே கல்லா, அதே பெண், அதே வெண்ணெய். விலை மட்டும் வேறு.

நமக்கு ஆங்கிலம் தெரியும். அந்த மூதாட்டியின் தமிழும் தெரியும். "அம்மா, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். சொல்லவில்லை. பிறர் பேச்சில் தலையிடுவது அந்நாட்டில் முறையோ என்னவோ என்ற தயக்கம். வரிசையை இன்னும் தாமதப்படுத்தினால் பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். வகுப்பில் நடுவுநிலைமை அதிகாரத்தை இருபதாண்டுகளாக நடத்திவரும் வாய் அன்று மூடிக்கொண்டிருந்தது. இதை மறைத்துவிட்டுக் கடைகளைக் குறைசொல்வது நேர்மையாகாது என்பதால் எழுதுகிறோம்.

அன்று இரவு எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. கல்லாப் பெண் விதியைத்தான் பின்பற்றினாள்; அவள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் விதியின் அமைப்பில் இருக்கிறது. அந்த வெண்ணெயை ஒன்றரை டாலர் குறைத்து விற்க அந்தக் கடைக்கு முடியும். குறைத்தும் நட்டப்பட்டு மூடிவிடாது. அந்த விலையை அலமாரியில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் கிடைக்கும். எழுதி வைக்காமல், கேட்பவர்க்கு மட்டும் தருகிறது. கேட்பதற்கு நேரம் வேண்டும், மொழி வேண்டும், கைப்பேசி வேண்டும், கூச்சப்படாத நெஞ்சு வேண்டும். இவை நான்கும் இல்லாதவர் பெரும்பாலும் யார்? முதியவர், புதிதாகக் குடியேறியவர், இரண்டு வேலை பார்ப்பவர். குறைந்த விலை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அதிக விலை கொடுக்கிறார்கள்.

பொருளியல் அறிஞர்கள் இதைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்குத் தொழில் தமிழ் இலக்கியமே ஆயினும், படித்து விளங்கிக்கொண்ட அளவில் இங்கே தருகிறோம்.

ஒரு தெருவில் இரண்டு கடைகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் ஒரு பொருள் பத்து ரூபாய். முதற்கடைக்காரர் ஒன்பதாகக் குறைத்தால் அடுத்த கடை வாடிக்கையாளர்கள் இவரிடம் வருவார்கள். குறைப்பதற்கான தூண்டுதல் அதுதான். ஆனால் அடுத்த கடைக்காரர், "எவர் எந்த விலைக்குக் கொடுத்தாலும் அதே விலைக்கு நானும் தருவேன்" என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். இப்போது முதற்கடை குறைத்தாலும் ஒருவரும் இடம் மாற வேண்டியதில்லை. வாடிக்கையாளரும் வரமாட்டார், லாபமும் குறையும். அப்படியானால் எதற்காகக் குறைப்பது? இரண்டு கடையும் பத்திலேயே நின்றுவிடும். வாடிக்கையாளருக்கு நன்மை போலத் தோன்றும் பலகை, உண்மையில் போட்டிக் கடைக்கு விடுக்கும் எச்சரிக்கையாக வேலை செய்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஸ்டீவன் சாலப் 1986 இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்தை முன்வைத்தார். ஏரன் எட்லின் 1997 இல் ஹார்வர்டு சட்ட இதழில் இதையே சட்டத்தின் கோணத்திலிருந்து விவாதித்தார். ஹெஸ், கெர்ஸ்ட்னர் என்னும் இருவர் வட கரோலினா மாநிலத்துப் பல்பொருள் அங்காடிகளின் விலைகளைத் தொகுத்து ஆராய்ந்து 1991 இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே. விலைப்பொருத்தம் வந்த பிறகு கடைகளுக்கிடையே விலை வேறுபாடு சுருங்கியது. ஆனால் விலை இறங்கிச் சுருங்கவில்லை, சற்றே ஏறிச் சுருங்கியது.

இதற்கு மறுப்பும் உண்டு; அதையும் சொல்லாவிட்டால் முறையாகாது. ஹ்விட், ஷாஃபர் என்னும் அறிஞர்கள் 1999 இல் எழுதிய கட்டுரையில், விலையைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேட்பதில் ஒரு தொல்லை இருக்கிறதே, அந்தத் தொல்லை சிறிதளவு இருந்தாலும் சாலப் சொல்லும் விளைவு உடைந்துவிடும் என்று காட்டினார்கள். கேட்கச் சலித்தவர்கள் விலை குறைந்த கடைக்கே போய்விடுவார்கள். ஆகவே குறைப்பதற்கான தூண்டுதல் முற்றிலும் அழிவதில்லை என்பது அவர்கள் வாதம். வாதம் வலுவானதே. ஆனால் நம் மூதாட்டியின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு வாதங்களும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. தொல்லை இல்லையென்றால் எல்லோருக்கும் விலை ஏறுகிறது. தொல்லை இருந்தால் அதைச் சுமக்க முடியாதவருக்கு மட்டும் ஏறுகிறது.

இன்னொன்று. ஒப்பிடுவது என்றால் ஒப்பிடப்படும் விலைகளாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். கனடாவின் போட்டிக் கண்காணிப்புப் பணியகம் 2023 ஜூன் மாதம் மளிகைத் துறை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. லோப்லா, சோபீஸ், மெட்ரோ, வால்மார்ட், காஸ்ட்கோ ஆகிய ஐந்து பெருநிறுவனங்களின் கையிலேயே நாட்டின் மளிகை வணிகத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்று அது கூறியது. மக்கள் மலிவு விலைக் கடை என நினைத்துப் போகும் நோ ஃபிரில்ஸ் லோப்லாவினுடையது, ஃபிரெஷ்கோ சோபீஸினுடையது, ஃபுட் பேசிக்ஸ் மெட்ரோவினுடையது. தெருவில் பத்துப் பெயர்ப் பலகைகள் தெரிந்தாலும் பின்னாலிருக்கும் கல்லாப்பெட்டிகள் சிலவே.

அந்தக் கல்லாப்பெட்டிகள் எப்போதும் தனித்தனியாகத்தான் கணக்குப் பார்த்தனவா? 2017 டிசம்பரில் லோப்லாவும் அதன் தாய் நிறுவனமான ஜார்ஜ் வெஸ்டனும் ஓர் உண்மையை வெளியிட்டன. ரொட்டி விலையைத் திட்டமிட்டு ஏற்றும் ஏற்பாடு ஒன்று 2001 முதல் 2015 வரை நடந்தது என்றும், அதில் தாங்களும் பங்கு கொண்டோம் என்றும் ஒப்புக்கொண்டன. தாமாக முன்வந்து சொன்னதால் அவற்றுக்குக் குற்ற வழக்கிலிருந்து விலக்குக் கிடைத்தது. வாடிக்கையாளருக்கு 25 டாலர் மதிப்புள்ள அட்டை கொடுத்தார்கள். கனடா பிரெட் என்ற நிறுவனம் 2023 ஜூனில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 மில்லியன் டாலர் தண்டம் கட்டியது. நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்குகளில் லோப்லாவும் வெஸ்டனும் 500 மில்லியன் டாலர் தர 2024 ஜூலையில் இசைந்தன. விலைப்பொருத்தத்துக்கும் இந்தக் குற்றத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. அப்படிச் சொல்வது நம் நோக்கமும் அன்று. பதினான்கு ஆண்டுகள் எத்தனையோ வீடுகளில் வியாழன்தோறும் விளம்பரத் தாளை விரித்து ரொட்டி விலையை ஒப்பிட்டிருப்பார்கள் அல்லவா? கோலே கோடியிருந்தபோது அந்த ஒப்பீட்டால் அவர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதே நம் கேள்வி. இந்தத் தராசும் அந்தத் தராசும் ஒன்று போலக் காட்டுவதால் மட்டும் இரண்டும் சரியான தராசு ஆகிவிடா.

கேட்காமலே தரும் முறையும் உலகில் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் பெருங்கடைகள் சில காலம் இதைச் செய்து பார்த்தன. செயின்ஸ்பரி 2011 முதல் 2016 வரை, வணிகப் பெயருள்ள பொருள்கள் போட்டிக் கடையில் மலிவாக இருந்தால், வேறுபாட்டைக் கல்லாவிலேயே சீட்டாக அச்சிட்டுக் கொடுத்தது. டெஸ்கோ 2015 இல் தொடங்கிய திட்டத்தில், பத்து வகைப் பொருள்களேனும் வாங்கினால் வேறுபாடு உடனே பட்டியலில் கழிந்தது. 2018 இல் அதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் வால்மார்ட் 2014 இல் நாடெங்கும் கொண்டுவந்த செயலி ஒன்று, ரசீதைக் கொடுத்தால் தானே விலைகளை ஒப்பிட்டு வேறுபாட்டைத் திருப்பித் தந்தது. அதுவும் 2019 இல் முடிந்தது. கனடாவில் வால்மார்ட், விளம்பரத்தைக் காட்டி விலை குறைக்கும் வழக்கத்தையே 2020 அக்டோபரில் கைவிட்டது. கணினியே எல்லோருக்கும் ஒப்பிட்டுத் தந்த திட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்ததையும், கேட்பவர்க்கு மட்டும் தரும் முறை பல கடைகளில் இன்னும் வாழ்வதையும் சேர்த்துப் பார்க்கும்போது, கேளாதவர்களின் பணத்தில்தான் இந்த வாக்குறுதி ஓடுகிறதோ என்ற ஐயம் எழுகிறது.

பிரிட்டனில் இப்போது வழங்குவது வேறொரு முறை. ஜெர்மானிய மலிவுக் கடையான ஆல்டியின் விலைக்கு இணையாகச் சில நூறு பொருள்களின் விலையை டெஸ்கோ தானே குறைத்து, அலமாரியிலேயே எழுதி வைத்தது. இது 2020 இல் தொடங்கியது. செயின்ஸ்பரி 2021 இல் பின்தொடர்ந்தது. இவற்றில் பல அந்தந்தக் கடையின் சொந்தத் தயாரிப்புகள்; ஆகவே விலை ஒன்றாக இருந்தாலும் தரம் ஒன்றா என்ற வினா எழுந்தபடியே இருக்கிறது. ஆயினும் இதில் ஒரு நன்மை உண்டு. கத்தரித்த காகிதத்தோடு யாரும் நிற்க வேண்டியதில்லை. வாய் பேசாதவருக்கும் அதே விலை.

நம் ஊரிலும் பேரம் உண்டே, அங்கும் வாய் உள்ளவர்தானே பிழைக்கிறார் என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். பேரத்தைப் பொற்காலம் போலப் பேசுவது நமக்கு உடன்பாடன்று. கூச்சமுள்ளவரிடம் கூட்டியும், விடாப்பிடியானவரிடம் குறைத்தும் விற்பது நம் சந்தைகளிலும் நடப்பதே. ஆனால் பேரத்தில் விற்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்க்கிறார். கையில் காசு குறைந்து நிற்கும் பாட்டியிடம், "சரி, இருக்கிறதைக் கொடு ஆயா" என்று சொல்லும் உரிமை அந்தக் கீரைக்காரம்மாவுக்கு உண்டு. கூடவே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவதும் உண்டு. டொராண்டோவின் கல்லாப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. பேரத்தின் தொல்லை அப்படியே இருக்க, அதன் இரக்கம் மட்டும் கழிக்கப்பட்டுவிட்டது.

பேரத்துக்கும் மேலான முறையும் நம்மிடம் இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை நண்பர்கள் அறிவார்கள். மொத்த விற்பனை விலையையும் வெளிச்சந்தை விலையையும் பார்த்து, நாள்தோறும் காய்க்கு விலை வைத்து, நுழைவாயிலில் பெரிய பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஒப்பிடும் வேலையை அங்கே அலுவலர் ஒருவர் காலையில் ஒருமுறை செய்துவிடுகிறார். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பேர் தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் பலகையில் எழுதிய விலை பேராசிரியருக்கும் ஒன்றே. படியாத பாட்டிக்கும் ஒன்றே.

விலைப்பொருத்தத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கும் வரையில் பயன்படுத்தத்தான் வேண்டும். தாளைக் கத்தரிக்காமல், தேதியுள்ள முதல் பக்கத்தோடு முழுதாக எடுத்துச் செல்ல வேண்டும். பொருத்த வேண்டிய பொருள்களைக் கூடையில் தனியே வைத்து, கல்லாவில் கடைசியாக நீட்டினால் குழப்பம் குறையும். விலை குறைகிறதே என்பதற்காகத் தேவையற்றதை வாங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் வீண். பட்டியலில் ஏறும் விலை அலமாரியில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால், கனடாவில் 2002 முதல் உள்ள தன்னார்வ விதி ஒன்றின்படி, அதை ஏற்றுக்கொண்ட கடைகள் பத்து டாலர் வரையுள்ள பொருளை இலவசமாகவே தர வேண்டும் என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. அதுவும் கேட்பவர்க்குத்தான் கிடைக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவற்றைச் செய்பவரைக் கஞ்சர் என்று எள்ளுவதும் முறையன்று. இருப்பதைக் காப்பது சிக்கனம். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமல் இருப்பதே கஞ்சத்தனம்.

ஆனால் நாம் கேட்க வேண்டியது இதனினும் பெரிது. நூறு கிராமுக்கு என்ன விலை, ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று அலமாரியில் ஒரே சீராக எழுதி வைப்பது கனடாவில் கியூபெக் மாநிலத்தில் மட்டுமே சட்டப்படி கட்டாயம். 2023 ஆம் ஆண்டு அறிக்கையும் நாடெங்கும் அவ்வாறு எழுதி வைப்பதை வலியுறுத்தியது. ஆஸ்திரேலியாவில் பெருங்கடைகளுக்கு 2009 முதல் அது விதியாக இருக்கிறது. இந்தியாவிலும் அண்மைய ஆண்டுகளில் பொட்டலத்தின்மீது அதிகபட்ச விலையோடு அலகு விலையும் அச்சிட வேண்டும் என விதி வந்திருக்கிறது. இப்படி எழுதி வைத்த விலையைப் பெற எந்தக் காகிதமும் நீட்ட வேண்டியதில்லை. போட்டிக் கடைகளின் விலையை நொடியில் அறியும் கணினி கடைக்காரரிடமே இருக்கும் காலத்தில், அந்த வேலையைக் கத்தரிக்கோலோடு ஒரு மூதாட்டி செய்ய வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகை வாணிகம்?

நாம் ஊர் திரும்புவதற்கு முன் அதே கடைக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை போனோம். அந்த அம்மையாரைக் காணவில்லை. அக்கா இப்போது விளம்பரத் தாள்களை முழுதாகவே எடுத்துப் போகிறாராம், கல்லா வரிசையில் யாராவது தமிழில் முணுமுணுத்தால் திரும்பிப் பார்த்து, "என்ன அம்மா வேணும்?" என்று கேட்கிறாராம். சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது சொன்னார். அன்றைக்கு நாம் பேசாமல் நின்றதைப் பற்றி அவர் இதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.